மனம் புண்பட்டாலே குற்றமா? மத நிந்தனைச் சட்டத்தின் எல்லை எது?

ஒருவர் கேட்ட கேள்வி இது: “பேச்சுரிமை என்ற பெயரில் கடவுளையும் வேதத்தையும் கேவலமாகப் பேசுகிறார்கள். இவர்களைத் தண்டிக்க இந்தியாவில் சட்டம் இல்லையா? பாகிஸ்தானில் இருப்பதுபோல் கடுமையான மத நிந்தனைச் சட்டம் கொண்டுவந்தால் என்ன?”

சட்டம் இருக்கிறது. அதைக் கடுமையாக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடுமையாக்கினால் நாத்திகர்களுக்கு முன்னால் மாட்டிக்கொள்வது பக்தி உள்ளவர்கள்தான். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேள்வி கேட்டவரின் வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உயிருக்கு மேலாக வணங்கும் ஒன்றை ஒருவன் வேண்டுமென்றே மிதித்துக் காட்டினால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலி நிஜம். ஆனால் வலியை மட்டும் அளவுகோலாக வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன்.

முதலில் சட்டம் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். மெக்காலே தலைமையிலான ஆணையம் வரைவு எழுதி, 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தில் மதம் தொடர்பான குற்றங்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு. வழிபாட்டு இடத்தையோ புனிதப் பொருளையோ சேதப்படுத்துவது, வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பது, இடுகாட்டில் அத்துமீறுவது, ஒருவர் காதுபடவே அவர் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது ஆகியவை 295 முதல் 298 வரையிலான பிரிவுகள். இதில் எந்தக் கடவுளும் இல்லை, எந்த மதம் உண்மையானது என்ற பேச்சும் இல்லை. அதே காலத்தில் இங்கிலாந்தில் இருந்த மத நிந்தனைச் சட்டம் அவர்களுடைய திருச்சபையின் மதத்தை மட்டும்தான் காப்பாற்றியது. 1860 சட்டமோ எல்லா மதத்தவரையும் ஒரே தட்டில் வைத்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் துன்புறுத்தாமல் வாழ வேண்டும், அவ்வளவுதான் அதன் கவலை.

அடுத்த கட்டம் லாகூரில் தொடங்கியது. 1924இல் அங்கே நபிகள் நாயகத்தின் தனிவாழ்க்கையைக் கொச்சைப்படுத்தும் ஒரு சிறு நூல் வெளியானது. பதிப்பாளர் ராஜ்பால் மீது, சமூகங்களுக்கிடையே பகையை மூட்டியதாக 153ஏ பிரிவில் வழக்கு. கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தன. ஆனால் 1927இல் லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி தலிப் சிங் அவரை விடுவித்தார். நூல் இழிவானது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் மறைந்த ஒரு மதத் தலைவரின் வாழ்க்கையைத் தாக்குவது அந்தப் பிரிவுக்குள் வராது என்றார். பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அதே ஆண்டு அரசு 295ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது.

அந்த மசோதாவைப் பரிசீலித்த தேர்வுக் குழுவில் இருந்தவர்களில் ஜின்னாவும் ஒருவர். இழிவுபடுத்துபவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று ஆதரித்த அவரே, வரலாற்று ஆய்வு செய்பவர்களையும் ஒரு மதத்தை நேர்மையாக விமர்சிப்பவர்களையும் இந்தச் சட்டம் தொடக்கூடாது என்று வற்புறுத்தினார். பின்னால் பாகிஸ்தானில் நடந்ததைப் பார்க்கும்போது இந்த விவரம் முக்கியம்.

சட்டம் வந்ததே, கொந்தளிப்பு அடங்கியதா? இல்லை. 1929 ஏப்ரலில் ராஜ்பால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்ற இளைஞர் அதே ஆண்டு தூக்கிலிடப்பட்டார். கடுமையான சட்டம் இருந்தால் ஜனங்கள் சட்டத்தைக் கையில் எடுக்க மாட்டார்கள் என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் முதல் சோதனையிலேயே தோற்றுவிட்டது.

இருந்தாலும் 295ஏ பிரிவின் வாசகத்தை நிதானமாகப் படித்தால் அது பலர் நினைப்பதைவிடக் குறுகலானது என்று தெரியும். வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும். அதோடு தீய எண்ணமும் இருக்க வேண்டும். நோக்கம் குடிமக்களில் ஒரு பிரிவினரின் மத உணர்வைக் கொதிக்கச் செய்வதாக இருக்க வேண்டும். அதற்காக அவர்கள் மதத்தையோ நம்பிக்கையையோ இழிவுபடுத்தியிருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்திருந்தால்தான் குற்றம். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் இது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆவது பிரிவு. எண்தான் மாறியது, சாரம் மாறவில்லை.

அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவில் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களின் பட்டியல் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு என்று போகும் அந்தப் பட்டியலில் ‘மத உணர்வு’ கிடையாது. அப்படியென்றால் 295ஏ செல்லுமா என்ற கேள்வி 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முன் வந்தது. பொது ஒழுங்கின் நலனுக்காக என்ற அடிப்படையில் செல்லும் என்றார்கள். கூடவே, மதத்தைப் பற்றிய எல்லா இழிவுப் பேச்சும் இதில் வராது, தீய எண்ணத்தோடு வேண்டுமென்றே செய்யப்படும் மோசமான வடிவம் மட்டுமே வரும் என்றும் சொன்னார்கள். கிரிக்கெட் வீரர் தோனியைப் பெருமாள் வடிவில் சித்திரித்த ஒரு பத்திரிகை அட்டைப்படத்தின் பேரில் போடப்பட்ட வழக்கை 2017இல் ரத்து செய்தபோதும் இதையேதான் மறுபடி சொன்னார்கள்: கவனக்குறைவாகவோ அறியாமலோ நேர்ந்த அவமதிப்பு குற்றமாகாது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1953 மே 27 மாலை, திருச்சி டவுன் ஹால் மைதானத்தில் பெரியார் பிள்ளையார் சிலை ஒன்றைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்ற சைவர் 295, 295ஏ பிரிவுகளின் கீழ் புகார் கொடுத்தார். உடைக்கப்பட்டது வெறும் மண் பொம்மை, எந்தக் கோயிலிலும் பிரதிஷ்டை செய்யப்பட்டதல்ல, ஆகவே அது புனிதப் பொருள் ஆகாது என்று மாஜிஸ்திரேட் புகாரைத் தள்ளினார். செஷன்ஸ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய அதே வழியில் போயின. 1958இல் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதினால் அது எவ்வளவு அற்பமான பொருளானாலும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, அந்த நம்பிக்கை பகுத்தறிவுக்குப் பொருந்துகிறதா என்று நீதிமன்றம் பார்க்கக் கூடாது என்றது. ஆனால் சம்பவம் நடந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டதால் வழக்கை மறுபடி உயிர்ப்பிக்கவும் மறுத்துவிட்டது.

இந்தத் தீர்ப்பின் முதல் பாதியில் எனக்கு உடன்பாடுதான். எது புனிதம் என்பதை நீதிபதி முடிவு செய்யக் கூடாது. ஆனால் அங்கேயே ஒரு சிக்கல் தொடங்குகிறது. புனிதம் எது என்பதை நம்புகிறவரே தீர்மானிக்கலாம் என்றால், அவமதிப்பு எது என்பதையும் அவரே தீர்மானிக்கக் கூடாது. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டால் சட்டத்துக்கு வேலையே இல்லாமல் போகும். உள்நோக்கம் என்ற நிபந்தனை இருப்பது அதனால்தான்.

இதைத் தமிழர்களுக்கு எடுத்துச் சொல்வது எளிது என்று நினைக்கிறேன். நட்ட கல்லைச் சுற்றி வந்து முணுமுணுக்கிறாயே, கல் பேசுமா என்று சிவவாக்கியர் கேட்டார். அவரைச் சித்தர் என்று வணங்குகிறோம். சுந்தரர் கண்பார்வை இழந்த நிலையில் திருவாரூரில் நின்று, உன் அடியார் இப்படித் துன்பப்படும்போது நீர் மட்டும் நன்றாக வாழ்ந்து போம் என்று சிவனையே வைதார். ‘வாழ்ந்து போதீரே’ என்று முடியும் அந்தப் பதிகம் தேவாரத்தில் இருக்கிறது, ஓதுவார்கள் பாடுகிறார்கள். திட்டுவதுபோல் துதிப்பதற்கென்றே நிந்தாஸ்துதி என்று ஒரு வகை வைத்திருக்கிறோம். தங்கள் மதத்தைக் கடுமையாகப் பேசியவர்களில் பெரும்பாலானோர் அந்த மதத்துக்குள்ளேயே இருந்தவர்கள், அதை உயிராய் நேசித்தவர்கள். வலி ஒன்றையே குற்றத்தின் அளவாக வைத்தால் இந்தப் பாடல்களில் பாதி வழக்காகிவிடும்.

அப்புறம் இன்னொன்று. ஒரு மதத்தவரின் அடிப்படை நம்பிக்கையே இன்னொரு மதத்தவர் காதுக்கு நிந்தனையாகக் கேட்கும். இயேசு கடவுளின் மகன் என்பது கிறிஸ்தவரின் பிரார்த்தனை. கடவுளுக்கு மகன் உண்டு என்பது இஸ்லாமியருக்கு ஏற்க முடியாத சொல். உருவ வழிபாடு தவறு என்பது ஒருவரின் வேதம். இன்னொருவர் வீட்டுப் பூஜையறையே உருவங்களால் ஆனது. சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்புவது என்றாலே மற்றவருடைய நம்பிக்கை போதாது என்று ஏதோ ஒரு விதத்தில் சொல்வதுதானே. மனம் புண்பட்டது என்ற ஒரே காரணம் போதும் என்று சட்டம் எழுதினால், முதலில் வாய் மூட வேண்டியது பிரசங்கம் செய்பவர்கள்.

இது வெறும் கற்பனை இல்லை. பாகிஸ்தானில் அப்படியே நடந்தது. பிரிவினைக்குப் பின் இரு நாடுகளுக்கும் ஒரே 1860 சட்டம்தான். ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் பாகிஸ்தான் அதில் புதிய பிரிவுகளைச் சேர்த்தது. 1982இல் 295பி: குர்ஆனை அவமதித்தால் ஆயுள் சிறை. 1986இல் 295சி: நபிகளை இழிவுபடுத்தினால் மரணம் அல்லது ஆயுள் சிறை. பின்னர் ஷரியத் நீதிமன்றம் மரணம் மட்டுமே தகுந்த தண்டனை என்றது. 295சி பிரிவில் உள்நோக்கம் என்ற நிபந்தனையே இல்லை. மறைமுகமாக, குறிப்பாக, சாடையாகச் சொன்னாலும் போதும். ஜின்னா 1927இல் கேட்ட பாதுகாப்பு அவர் உருவாக்கிய நாட்டிலேயே காணாமல் போனது.

1984இல் வந்த 298சி பிரிவுதான் என் வாதத்துக்கு மிக நெருக்கமானது. தங்களை முஸ்லிம்களாகவே கருதும் அகமதியா பிரிவினர் அப்படிச் சொல்லிக்கொள்வதோ, அப்படிக் காட்டிக்கொள்வதோ அதன்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. அவர்கள் தங்கள் வழிபாட்டு இடத்தைப் பள்ளிவாசல் என்று அழைப்பதையும், பாங்கு சொல்வதையும் அதற்கு முந்தைய 298பி பிரிவு தடுக்கிறது. இங்கே யாரும் எதையும் இழிவாகப் பேசவில்லை. ஒரு கூட்டம் தன் நம்பிக்கையின்படி கடவுளைத் தொழுகிறது. அதுவே மற்றவர்களுக்கு அவமதிப்பு என்று சட்டம் சொல்லிவிட்டது. 1993இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இதைச் சரியென்றது.

ஆசியா பீபியின் வழக்கை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது எங்கிருந்து தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். 2009 ஜூன், பஞ்சாப் மாகாணத்தில் ஒரு கிராமம். வெயிலில் ஃபால்சா பழம் பறிக்கும் கூலிப் பெண்கள். கிறிஸ்தவரான ஆசியா தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, அவர் தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்று உடன் வேலை செய்தவர்கள் மறுத்தார்கள். வாய்ச்சண்டை ஆனது. சில நாட்கள் கழித்து உள்ளூர் மதகுரு புகார் கொடுத்தார். சண்டை நடந்த இடத்தில் அவர் இருக்கவே இல்லை. 2010 நவம்பரில் மரண தண்டனை. அவருக்காகப் பேசிய மாகாண ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரி 4 அன்று சொந்தப் பாதுகாவலரே சுட்டுக் கொன்றார். மார்ச் மாதம் அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். 2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், சாட்சிகள் முன்னுக்குப் பின் முரண்படுகிறார்கள், புகார் தாமதமாக வந்திருக்கிறது என்று சொல்லி ஆசியாவை விடுவித்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தபின் அவர் வாழ்ந்தது சொந்த நாட்டில் அல்ல, கனடாவில்.

தண்ணீர்ப் பாத்திரத்துத் தீண்டாமைச் சண்டை எப்படி மரண தண்டனை ஆனது? நிலத் தகராறு, கடன் பாக்கி, வேலையிடத்துப் பகை, எதையும் இந்த ஒரு புகாருக்குள் போட்டுவிடலாம். புகார் கொடுப்பவருக்குச் செலவில்லை. சொன்ன வார்த்தையை நீதிமன்றத்தில் திரும்பச் சொல்லவே வக்கீலும் சாட்சியும் பயப்படுவார்கள். விடுதலை செய்யும் நீதிபதிக்கும் உயிர்ப்பயம். 2021 டிசம்பரில் சியால்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் மேலாளராக இருந்த இலங்கையரை, மத வாசகம் இருந்த சுவரொட்டியை அகற்றினார் என்று சொல்லிக் கும்பல் அடித்துக் கொன்று எரித்தது. உலகிலேயே கடுமையான மத நிந்தனைச் சட்டங்களில் ஒன்று அங்கே அமலில்தான் இருந்தது.

இலங்கையிலும் ஒரு பாடம் இருக்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்கென்று அங்கே 2007இல் ஒரு சட்டம் வந்தது. அதன் மூன்றாம் பிரிவு மத, இன வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் 2019இல் பௌத்த மடத்துச் சூழலை வைத்துச் சிறுகதை எழுதிய ஒரு சிங்கள எழுத்தாளர் அந்தச் சட்டத்தில் கைதாகி மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். அதே ஆண்டு மே மாதம், ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகான பதற்றத்தில், உடையில் தர்மச்சக்கரம் அச்சிட்டிருக்கிறது என்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது கப்பலின் சுக்கான் சக்கரப் படம். சிறுபான்மையினரைக் காக்க வேண்டிய சட்டம் சிறுபான்மைப் பெண் ஒருவரின் உடையில் வந்து நின்றது. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, உள்ளூர் காவல் நிலையத்தில் யார் குரல் எடுபடுகிறது என்பதே இப்படிப்பட்ட வழக்குகளைத் தீர்மானிக்கிறது.

ஐரோப்பாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து 2008இல் தன் பழைய மத நிந்தனைக் குற்றத்தை ஒழித்தது. அயர்லாந்து 2018இல் பொதுவாக்கெடுப்பு வைத்து அதைத் தன் அரசியல் சாசனத்திலிருந்து நீக்கியது. டென்மார்க் 2017இல் நீக்கியது. ஆனால் குர்ஆன் எரிப்புச் சம்பவங்கள் தொடர்ந்ததால் 2023 டிசம்பரில் புனித நூல்களைப் பொதுவெளியில் அவமதிப்பதைத் தடை செய்தது. டென்மார்க்கின் தடுமாற்றம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த வழி தவறு என்றே நினைக்கிறேன். தொழுகைக்கு வருகிறவர்களை மிரட்டுவதற்காகப் பள்ளிவாசல் வாசலில் நூலை எரித்தால் அந்த மிரட்டலுக்காகத் தண்டிக்கலாம். புத்தகத்தைக் காக்கும் சட்டம் அதற்குத் தேவையில்லை.

எல்லையை எங்கே வைப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த உருப்படியான விடை 2012இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் முயற்சியில் உருவான ரபாத் செயல்திட்டத்தில் இருக்கிறது. எந்தச் சூழல், பேசியவர் யார், நோக்கம் என்ன, என்ன சொன்னார், எவ்வளவு பேரைப் போய்ச் சேர்ந்தது, உடனடியாகத் தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு என்று ஆறு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. ஒரு நபியின், ஒரு அவதாரத்தின், ஒரு புனிதரின் வரலாற்றை ஆராய்ந்து சங்கடமான முடிவு ஒன்றை எழுதுகிறவர் இருக்கிறார். ஊர்வலத்தை வேற்று மதத்தவரின் வழிபாட்டு இடத்துக்கு எதிரே நிறுத்தி, இவர்களை ஊரைவிட்டு விரட்டுங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்துகிறவரும் இருக்கிறார். முன்னவர் கடவுளைப் பற்றிப் பேசுகிறார்; எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அதற்குப் பதில் எழுத்துதான். பின்னவர் கடவுளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஆனால் அவரைத்தான் உடனே பிடிக்க வேண்டும். நம்பிக்கையைத் தாக்கலாம், அந்த நம்பிக்கை கொண்ட மனிதர்களைத் தாக்கத் தூண்டக் கூடாது. என் கோடு அங்கேதான்.

“அதெல்லாம் சரி, கலவரம் வந்துவிடுமே, பேசியவரை அடக்கினால் பிரச்சினை தீர்ந்ததே” என்பார்கள். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அந்தப் படம் மதத்தைப் பற்றியது அல்ல, இட ஒதுக்கீட்டைப் பற்றியது. ஆனால் கேள்வி அதேதான். எதிர்ப்பவர்களைச் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிக்க முடியாது, கருத்தைச் சொன்னவரைக் காப்பது அரசின் கடமை என்றது நீதிமன்றம். வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல, பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனாலும் 2015 ஜனவரியில், ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால், எழுத்தாளர் பெருமாள்முருகன் நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய அமைதிப் பேச்சுவார்த்தையில் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2016 ஜூலையில். ஒன்றரை ஆண்டு ஒருவர் எழுதுவதையே நிறுத்தியிருந்தார். தீர்ப்பு நல்ல தீர்ப்பு. அந்த ஒன்றரை ஆண்டை யாராலும் திருப்பித் தர முடியாது.

இந்தியாவில் உண்மையான பிரச்சினை இந்த இடத்தில்தான். கடைசியில் தண்டனை பெறுகிறவர்கள் குறைவு. வழக்கை நடத்தி முடிப்பதே தண்டனை. 299ஆவது பிரிவு காவல்துறை வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அது கைதுக்குப் பின், குற்றப்பத்திரிகைக் கட்டத்தில்தான் வேலை செய்யும். அதற்குள் ஒருவர் பல வாரம் உள்ளே இருந்துவிடலாம். ஒரே பதிவுக்காக ஏழெட்டு ஊர்களில் எஃப்.ஐ.ஆர். விழுந்து அலைந்துகொண்டும் இருக்கலாம். தண்டனையைக் கூட்ட வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை.

ஆகவே என்ன செய்யலாம் என்றால், புதிதாகச் சட்டம் தேடாமல் இருப்பதை ஒழுங்காக அமல்படுத்தச் சொல்லலாம். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது என்று 2014இலேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்படி, மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை வரக்கூடிய குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்திவிட்டு வழக்கு பதியலாம். 2025 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி பகிர்ந்த ஒரு கவிதையின் பேரில் போடப்பட்ட வழக்கை ரத்து செய்தபோது, பேச்சு தொடர்பான புகார்களில் இந்தப் பூர்வாங்க விசாரணையைப் பயன்படுத்துவதே எப்போதும் பொருத்தம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எதைக் கேட்டாலும் நடுங்கும் மனத்தை வைத்துப் பேச்சை எடைபோடக் கூடாது, உறுதியும் துணிவும் உள்ள நிதானமான மனிதரை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு நினைவூட்டுகிறது.

கேள்வி கேட்டவருக்கு இன்னும் ஒன்று. உங்கள் நம்பிக்கையை யாராவது திட்டமிட்டு, உங்கள் சமூகத்தின்மேல் வன்மத்தோடு இழிவுபடுத்தினால் தாராளமாகப் புகார் கொடுங்கள், அது உங்கள் உரிமை. புகாரில் “என் மனம் புண்பட்டது” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். என்ன பேசினார், எந்த இடத்தில், யார் முன்னிலையில், அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தார், யாரை எதற்குத் தூண்டினார் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். இவை எதுவும் எழுத இல்லை என்றால், உங்கள் கையில் இருப்பது மறுப்புக் கட்டுரைக்கான விஷயம். அதை எழுதுங்கள்.